மேலேறி வருவோர்க்கு வழி

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறிச் செல்ல இரண்டு மலைப்பாதைகள் உள்ளன. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட முதன்மைப் பாதை ஒன்று. அயோத்தியாப்பட்டணம் பக்கமாகச் சுற்றிக் குப்பனூர் வழியே ஏறும் பாதை மற்றொன்று. மழைக்காலத்தில் முதன்மைப் பாதையில் பாறை சரிந்து விழுந்தால், சேர்வராயன் மலையில் வாழ்வோர்க்குக் குப்பனூர்ப் பாதையே துணை.

குறுகிய மலைப்பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே சந்தித்தால் என்ன செய்வது? இறங்கி வரும் வண்டி நிற்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது நம் நாட்டின் சாலை விதி. மிளகு மூட்டை ஏற்றிய லாரியின் ஓட்டுநரும் சுற்றுலாப் பேருந்தின் ஓட்டுநரும் ஒருவரையொருவர் அறியார். ஒரே மொழி பேசுவோராகவும் இருக்கமாட்டார். ஆயினும் இருவரும் ஒரே விதியை அறிவர். யாருடைய வண்டி பெரிது, யாருடைய வண்டி விலை உயர்ந்தது என்ற வினாவிற்கு அங்கே இடமில்லை. ஏறுபவருக்குச் சிரமம் மிகுதி. ஆதலால் அவருக்கே முதலிடம்.

குப்பனூரில் இருந்தபடியே இணையதளம் அமைக்கும் தொழிலைச் செய்துவரும் நாம், இவ்விதியை அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. 'வெப் டெவலப்பர்' என்று இளைஞர் கூறும் தொழில் இது. வாசக அன்பர்களின் இல்லங்கள் பலவற்றில் ஒரு மகனோ மகளோ இத்தொழிலில் ஈடுபட்டிருக்கலாம். நாள் முழுதும் திரையின் முன் அமர்ந்து இவர்கள் செய்யும் வேலைதான் யாது என்று பெற்றோர் வியப்பதும் உண்டு. அவ்வேலையில் அடங்கியுள்ள ஒரு கடமையைப் பற்றி இங்கே சிந்திப்போம்.

எல்லார்க்கும் பொதுவான விதி

உலகளாவிய வலை என்று நாம் இன்று அழைப்பதை 1989ஆம் ஆண்டில் திட்டமிட்டவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் அவர் அப்போது பணியாற்றி வந்தார். 1993 ஏப்ரல் 30ஆம் நாள், இக்கண்டுபிடிப்பை உலகில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அவ்வாய்வுக்கூடம் அறிவித்தது. மறு ஆண்டே, வலைக்குரிய பொது விதிகளை வகுப்பதற்கென ஒரு கூட்டமைப்பையும் பெர்னர்ஸ்-லீ நிறுவினார். தலைப்பை இவ்வாறு குறிக்க வேண்டும், பத்தியை இவ்வாறு குறிக்க வேண்டும், படத்தை இவ்வாறு சேர்க்க வேண்டும் என்னும் விதிகளே 'வலைத் தரநிலைகள்' எனப்படுகின்றன.

விதிகள் இருந்தும் அவற்றை மதியாத காலம் ஒன்று இருந்தது. 1990களின் பிற்பகுதியில் நெட்ஸ்கேப், மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் போட்டியிட்டுத் தத்தம் உலாவிகளுக்கெனத் தனி வழிகளைப் புகுத்தின. ஓர் உலாவியில் அழகாகத் தோன்றும் பக்கம் மற்றொன்றில் சிதறிக் கிடக்கும். "இத்தளத்தை இன்ன உலாவியில் மட்டும் காண்க" என்ற அறிவிப்புகள் எங்கும் பெருகின. அப்போட்டியில் வென்ற இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் கதை 2022 ஜூன் 15ஆம் நாளோடு முடிந்தது. அதன் பராமரிப்பை அந்நிறுவனமே கைவிட்டது. அவ்வொரு உலாவியை மட்டும் நம்பி எழுதப்பெற்ற அலுவலகப் பக்கங்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. பொது விதியை நம்பிக் கட்டியவை நின்றன. ஒருவருடைய வழக்கத்தை நம்பிக் கட்டியவை சரிந்தன.

தமிழ் கண்ட பாபேல்

இப்பாடத்தைத் தமிழர் தம் சொந்த அனுபவத்தாலேயே கற்றுள்ளனர். 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளுக்கென ஓர் இணையதளம் தொடங்கப்பெற்றது. அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் நா. கோவிந்தசாமி என்னும் எழுத்தாளர், ஆசிரியர். தமிழ் வலையேறிய தொடக்க நாட்கள் அவை. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 'மதுரைத் திட்டம்' என்னும் அறப்பணியைத் தொடங்கினர். பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றி உழைத்து, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு வலையேற்றினர்.

ஆயின், அந்நாட்களில் ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்தனர். ஒரு எழுத்துருவில் ககரம் இருந்த இடத்தில் மற்றொன்றில் மகரம் இருக்கும். உரிய எழுத்துரு நம் கணினியில் இல்லையெனில், தமிழ்க் கட்டுரைக்குப் பதிலாகக் கேள்விக்குறியும் வியப்புக்குறியும் அயல் எழுத்துகளுமே திரையில் நிறையும். எல்லாரும் தமிழே எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் கணினி அறியவில்லை. பாபேல் கோபுரத்தின் கதை ஒரே மொழிக்குள் நிகழ்ந்தது எனலாம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற 'தமிழ்நெட் 99' மாநாடு இக்குழப்பத்தைத் தீர்க்க முற்பட்டது. அதன் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் பொதுவான குறியீட்டு முறைகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. இதற்கிடையே உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான 'யூனிகோடு' என்னும் ஒருங்குறி முறை வளர்ந்து வந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. அம்முறையில் அகரத்தின் எண் 2949. சேலத்தில் அழுத்தினாலும் யாழ்ப்பாணத்தில் அழுத்தினாலும் கனடாவில் அழுத்தினாலும் அகரத்திற்கு அதே எண்தான். 2010 ஜூன் திங்களில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற நாட்களில், தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று நம் பாட்டிமார் கைபேசியில் பேரனுக்குத் தமிழில் வாழ்த்து அனுப்ப இயல்கிறது என்றால், இந்த ஒற்றுமையே அதற்குக் காரணம்.

திரையைக் காதால் வாசிப்போர்

இந்த ஒற்றுமையால் மிகப் பெரும் நன்மை பெற்றவர் யார் தெரியுமா? பார்வையற்றோர்.

பார்வையற்ற ஒருவர் கணினியைப் பயன்படுத்த உதவும் மென்பொருளைத் 'திரைவாசிப்பான்' என்பர். திரையில் உள்ளதை அது குரலாக மாற்றிச் சொல்லும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகிய பார்வையற்ற இளைஞர் இருவரின் முயற்சியால் 2006இல் தோன்றியது 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பான். அதனை எவரும் இலவசமாகப் பெறலாம். தமிழையும் அது வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 'டாக்பேக்' என்னும் வாசிப்பான் உள்ளது.

பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பக்கத்தைத் திரைவாசிப்பான் வாசித்தால், பொருளற்ற அயல் எழுத்துகளின் பெயர்களே காதில் விழும். கண்ணுடையவர்க்கு எழுத்துரு தமிழாகத் தோற்றம் தந்தது; உள்ளே இருந்ததோ தமிழன்று. ஒருங்குறி வந்த பின்னரே உள்ளும் புறமும் தமிழாயிற்று.

இத்தகைய உள்ளும் புறமும் ஒத்த நேர்மைதான் பக்கம் முழுமைக்கும் வேண்டப்படுவது. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். பெரிய தடித்த எழுத்தில் ஒரு வரியை இட்டால் கண்ணுக்கு அது தலைப்பாகத் தெரியும். ஆனால், 'இது தலைப்பு' என்ற குறி உள்ளே இல்லையெனில், திரைவாசிப்பானுக்கு அதுவும் ஒரு சாதாரண வரியே. பார்வையுடையவர் செய்தித்தாளில் தலைப்புகளைக் கண்ணால் மேய்ந்து வேண்டியதை மட்டும் படிப்பதுபோல, பார்வையற்றவர் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்வார். குறி இல்லையேல் முதல் வரியிலிருந்து இறுதி வரை எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தில் 'பெயர்', 'பிறந்த நாள்' என்று கட்டங்கள் இருக்கும். எந்தச் சொல் எந்தக் கட்டத்திற்குரியது என்ற இணைப்பை எழுதாவிட்டால், 'எழுதும் கட்டம்', 'எழுதும் கட்டம்' என்று மட்டுமே குரல் ஒலிக்கும். எதை எங்கே எழுதுவது? ஒரு படத்தை இட்டு, அப்படம் யாது எனச் சொல்லும் மாற்றுரையை விட்டுவிட்டால், 'படம்' என்பதோடு குரல் நின்றுவிடும். பக்கத்தின் மொழி தமிழ் என்று தொடக்கத்தில் ஒரு சிறு குறிப்பு எழுதினால், எந்தக் குரலில் வாசிக்க வேண்டும் என்பதைத் திரைவாசிப்பான் அறிந்துகொள்ளும். இவை ஒவ்வொன்றும் ஓரிரு சொற்களில் முடியும் வேலை. அச்சொற்கள் விடுபட்டால், ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

பார்வையற்றோர்க்கு மட்டுமா?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் பார்வைக் குறையுடையோர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டவர். இத்தொகை சிறிதன்று. எனினும் இவ்விதிகளால் பயன் பெறுவோர் இவர்கள் மட்டுமல்லர்.

எழுத்தின் நிறத்திற்கும் பின்புலத்தின் நிறத்திற்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பது உலகத் தரநிலை. வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதுவது சிலருக்கு நாகரிகமாகத் தோன்றலாம். கண்புரை வந்த தாத்தாவிற்கோ அது வெறுந்தாள். உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கைபேசியைப் பார்க்கும் இளைஞனுக்கும் அதே நிலைதான். கை நடுக்கம் உடையவர் சின்னஞ்சிறு பட்டனைத் தொட இயலாமல் திண்டாடுவார். காணொளியின் அடியில் எழுத்துரை இருந்தால் காது கேளாதவர் பயன் பெறுவார். உறங்கும் குழந்தையின் அருகே அமர்ந்திருக்கும் தாயும் பயன் பெறுவாள். மலைக்கிராமங்களில் கைபேசிச் சமிக்ஞை வருவதும் போவதுமாக இருக்கும். தேவையற்ற படங்களும் அசைவுகளும் நிறைந்த கனத்த பக்கம் அங்கே திறப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். விதிப்படி எளிமையாக எழுதிய பக்கமோ விரைந்து திறக்கும்.

சாதிச் சான்றிதழ், நிலப்பட்டா, மின்கட்டணம், தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு ஆகிய யாவும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. அலுவலகக் கட்டடத்தில் சாய்தளம் இல்லாவிட்டாலும், யாரேனும் கைகொடுத்து ஏற்றிவிடுவர். இணையத்தின் வாயிலில் கைகொடுக்க ஒருவரும் இரார். அங்கே அயலாரின் உதவியை நாடும் பார்வையற்றவர், தம் இரகசியக் கடவுச்சொல்லையும் வங்கி அனுப்பும் ஓடிபி எண்ணையும் அவரிடம் ஒப்படைக்க நேர்கிறது. இதனால் ஏமாற்றப்படும் அபாயம் எத்துணை!

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தகவல் தொழில்நுட்பமும் அவர்கள் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009 முதலே உள்ளன.

ஆயினும் விதி ஏட்டில் இருப்பது வேறு. நடப்பில் இருப்பது வேறு. பார்வைக் குறையுடைய ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை அளித்தது. அணுகுவதற்குரிய விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்பது சட்டத்தின் நோக்கத்திற்கு முரண் என்றும், கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

2025 ஏப்ரல் 30ஆம் நாள் மற்றொரு தீர்ப்பு வந்தது. அமில வீச்சினால் முகமும் கண்களும் சிதைந்த பிரக்யா பிரசூன் என்னும் பெண்மணி வங்கிக் கணக்கு தொடங்கச் சென்றார். உயிருள்ளவர்தாம் என்பதற்குச் சான்றாகக் கேமராவின் முன் கண்ணிமைத்துக் காட்ட வேண்டும் என்றனர். இமைக்க இயலாதவர் என் செய்வார்? அவரும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளை நீதியரசர்கள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் விசாரித்தனர். இணைய சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று தீர்ப்பளித்து, இருபது கட்டளைகளையும் பிறப்பித்தனர்.

அப்பெண்மணியைத் தடுத்தது எவருடைய தீய எண்ணமும் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து அந்நிரலை எழுதியவர், எல்லாரும் தம்மைப்போலவே இமைப்பர் என்று எண்ணிவிட்டார். எண்ணாமை ஒன்றே அங்கே பூட்டாயிற்று.

முதலாளியும் தொழிலாளியும்

இனித் தொழில் வாழ்க்கைக்கு வருவோம். இணையதள வேலை நாள் குறித்தே வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்பர். அயல்நாட்டு வாடிக்கையாளருக்காக இரவெல்லாம் விழித்திருக்கவும் நேரிடும். இந்நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது, கண்ணுக்குத் தெரியாத வேலையே. தலைப்புக் குறியும் மாற்றுரையும் திரையில் தோன்றுவதில்லை. அவற்றைச் செய்தவனை எவரும் பாராட்டுவதில்லை. செய்யாதவனை எவரும் கண்டிப்பதுமில்லை.

இதன் விளைவைக் கூறும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் வெப்எய்ம் என்னும் அமைப்பு, 2025இல் உலகின் முன்னணித் தளங்கள் பத்து இலட்சத்தின் முகப்புப் பக்கங்களைச் சோதித்தது. அவற்றுள் 94.8 விழுக்காட்டில் தரநிலைக்கு மாறான பிழைகள் காணப்பட்டன. அப்பிழைகளில் பெரும்பாலானவை, மங்கலான எழுத்து, மாற்றுரையில்லாத படம், பெயரில்லாத கட்டம் முதலிய ஆறே வகையைச் சேர்ந்தவை. அறியாத அரிய நுட்பங்கள் அல்ல. எளிய கடமைகளே விடுபடுகின்றன.

"பார்வையற்றோர் எவரும் நம் தளத்திற்கு வருவதில்லையே" என்று கூறும் முதலாளிகளை நாம் கண்டதுண்டு. வாயில் வைக்காமல் சுவரை எழுப்பிவிட்டு, எவரும் உள்ளே வரவில்லை என்று கணக்கெழுதுவதற்கு ஒப்பாகும் இது. இன்னும் சிலர் குறுக்குவழி தேடுவர்: ஒரு வரி நிரலைச் சேர்த்தால் எல்லாக் குறைகளும் தாமே தீரும் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் உள்ளன. அவ்வாறு விளம்பரம் செய்த ஆக்ஸெஸிபி என்னும் நிறுவனம், தன் கூற்றுகள் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தின என்னும் குற்றச்சாட்டின் பேரில் பத்து இலட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025இல் ஆணையிட்டது. கட்டும்போதே வாயில் வைப்பது எளிது; கட்டிய பின் சுவரை இடிப்பதே கடினம்.

மேலும் ஒன்று. பார்வையற்றோர் பக்கங்களை வாசிப்போர் மட்டுமல்லர். வேலை செய்வோரும் ஆவர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியிடங்களில் நான்கு விழுக்காட்டிற்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. ஆனால், அலுவலகத்தின் உள்ளே பயன்படும் வருகைப் பதிவும் கோப்பு மென்பொருளும் திரைவாசிப்பானுக்கு இடம் தராவிட்டால், நாற்காலி கிடைத்தும் வேலை கிடைக்காது. நாம் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தி விட்டுவைத்த ஒரு குறை, ஒரு மனிதரின் பிழைப்பையே பறிக்கக்கூடும்.

நாம் செய்யத்தக்கவை

இத்தொழிலில் உள்ள இளைஞர்க்கு ஒரு சொல்: வேலை முடிந்ததும் மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, விசைப்பலகையின் 'டேப்' விசையை மட்டும் அழுத்திப் பக்கம் முழுவதும் சென்று பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்பது தெரிகிறதா? எல்லாப் பட்டன்களையும் அடைய முடிகிறதா? பின்னர்த் திரைவாசிப்பானை இயக்கிக் கண்களை மூடிக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்புங்கள். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். கூடுமாயின், பார்வையற்ற ஒருவருக்கு உரிய ஊதியம் தந்து சோதிக்கச் செய்யுங்கள். குறைகளைக் கண்டால் மேலாளரிடம் பணிவோடும் உறுதியோடும் எடுத்துரையுங்கள். வீடு கட்டும் மேஸ்திரி, அடித்தளத்தின் ஆழத்தை வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் தோண்டுவதில்லை அன்றோ?

பள்ளி, சங்கம், ஆலய அலுவலகம் ஆகியவற்றை நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். அறிவிப்புகளை அச்சிட்டு, அதைப் படமாகப் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்புங்கள். தளம் அமைக்கப் பணம் கொடுப்பவர் நீங்களாயின், "பார்வையற்றவரும் இதைப் பயன்படுத்த இயலுமா?" என்று ஒப்பந்தத்திற்கு முன்பே கேளுங்கள். கேட்பவர் பெருகினால் செய்பவரும் பெருகுவர்.

பெற்றோரும் தம் பிள்ளைகளிடம், "எவ்வளவு சம்பளம்?" என்ற வினாவோடு நில்லாமல், "நீ செய்வதை யாரெல்லாம் பயன்படுத்த முடியும்?" என்றும் வினவலாம். அவ்வினா ஒரு பிள்ளையின் வேலையை நோக்கும் பார்வையையே மாற்றிவிடக்கூடும்.

இணையதளம் அமைப்பவர் தம் வாசகரை ஒருபோதும் காண்பதில்லை. எங்கோ ஒரு மலைக்கிராமத்தில், பார்வையிழந்த முதியவர் ஒருவர் கைபேசியைக் காதருகே வைத்து, தம் ஓய்வூதிய விண்ணப்பத்தை ஒருவர் துணையுமின்றித் தாமே நிரப்பி அனுப்பிவிட்டு எழுந்து செல்வார். அப்பக்கத்தை எழுதியவரின் பெயரை அவர் அறியார். அங்கே ஒரு தடை இருந்திருக்கக்கூடும் என்பதையும் அறியார். வேலை செம்மையாக முடிந்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.